அடுத்த தலைப்பு இல்லை

ஒலுமடுவில் கரண்ட் வந்து போன ஒரு புதன்கிழமை
காணிப் பட்டியல் வெளிவந்தது.
வவுனியாவிலிருந்து மதுரவதனி கோல் எடுத்தாள்:
"அண்ணை, இந்தமுறை ஒழுங்காக் குறி போட்டிருக்கிறன்.
தலைப்பைத் தலைப்பெண்டும் நிரையை நிரையெண்டும்.
படத்துக்கும் எழுதிக் கிடக்கு. கேட்டுப் பாருங்கோ."

இணைப்பைத் தட்டினேன்.
உலாவிக்குள்ளேயே திறந்தது.
எச் விசை.
"அடுத்த தலைப்பு இல்லை."
டி விசை.
"அடுத்த அட்டவணை இல்லை."

சரியென்று அம்புக்குறியால் இறங்கினேன்.
கணினிக்குள் இருக்கும் தகரக் குரல்காரன்
மூச்சு வாங்காமல் படித்தான்:
கனகசூரியம் தவமலர் செபமாலைநாதன் விதவை
அரை ஒன்று இரண்டு றூட் எட்டுப் பேர்ச்
மறுக்கப்பட்டது நீர் தேங்கும் வன இலாகா
மறுக்கப்பட்டது பரிசீலனையில்
படம்.

அரை ஏக்கர் யாருக்கு?
வன இலாகா விழுங்கியது யாருடையதை?
விதவை என்ற சொல்
எந்தப் பெயருக்குப் பக்கத்தில் நிற்கிறது?

செபமாலைநாதன் அதற்குள் படலைக்கு வந்துவிட்டார்.
அவருக்குக் கண் தெரியும்.
கணினிதான் தெரியாது.
"என்ர பேர் கிடக்கோ?"
"கிடக்கு."
"காணி?"
"அதுவும் உதுக்குள்ளதான் எங்கயோ கிடக்கு."
அவர் சிரிக்கவில்லை.

மதுரவதனி திரும்பத் திறந்து பார்த்தாள்.
"எனக்கு எல்லாம் வடிவாக் காட்டுதே அண்ணை."
கொஞ்சம் யோசித்தாள்.
"உலாவியில வேண்டாம். இறக்கிப்போட்டு
மற்ற மென்பொருளில திறவுங்கோ."

நாற்பத்தாறு எம்.பி.
எங்கள் பக்கத்து சிக்னலுக்கு அது ஒரு பின்னேரம்.

காத்திருந்தபோது நினைத்தேன்.
மீளக் குடியேறிய வருசம்,
எனக்கு இன்னும் ஒரு கண் மிச்சம்.
கண்ணிவெடி எடுப்பவர்கள்
சிவப்புத் தலைக் கட்டை, வெள்ளைத் தலைக் கட்டை
என்று அடித்துக்கொண்டே போவார்கள்.
வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவே நடக்கலாம்.
ஒரு இரவு யாரோ விறகுக்கென்று
பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.
விடிய, நிலம் அதே நிலம்.
தோண்டி எடுத்தது எடுத்ததுதான்.
ஆனாலும் ஒருவரும் கால் வைக்கவில்லை.
மாடு போன பிறகு
மாட்டுத் தடத்தில் மட்டும்
தவமலர் நடந்தாள்.

நாலரைக்கு இறங்கி முடிந்தது.
அதே கோப்பு. அதே பெயர், அதே அளவு.
"தலைப்பு, நிலை ஒன்று."
எனக்கு நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்த சத்தம்.
"அட்டவணை. நாற்பத்தொரு நிரை, ஆறு நிரல்."
செபமாலைநாதனைப் பக்கத்தில் இருத்தி
ஒவ்வொரு கட்டமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.
நிரை பதினேழு. பரப்பு: இரண்டு றூட், எட்டுப் பேர்ச்.
நிலை: பரிசீலனையில்.
"பதினாலு வருசமாப் பரிசீலிக்கினம்,"
என்றார், கொஞ்சம் நிம்மதியாக.

நிரை இருபத்திரண்டு நான்.
நிலை: மறுக்கப்பட்டது.
காரணம்: நீர் தேங்கும்.
காலையில் காற்றில் அலைந்த சொல்
முகவரி பார்த்து வந்து சேர்ந்தது.
கோபம் வந்தது.
யாரோடு கோபிப்பதென்றும் தெரிந்தது.

கடைசியில் படம்.
இப்போது படம் பேசியது:
"கிராமத்தின் எல்லைப் படம். வடக்கே குளக்கட்டு.
தெற்கே கிரவல் வீதி. மேற்கு மூலையில்
ஒரு பாலை மரம் மட்டும் தனியாக
வரையப்பட்டிருக்கிறது.
ஏன் என்று எனக்குத் தெரியவில்லை."

மதுரவதனி, எனக்குத் தெரியும்.
அந்த நிழலில் யாரை வைத்தோம் என்று
வரைந்தவனுக்கும் தெரிந்திருக்கிறது.
அதை உனக்கு நான்
கோலில் சொல்லமாட்டேன்.

செபமாலைநாதன் எழும்பி, செருப்பைத் தேடி,
படலையடியில் நின்று திரும்பிக் கேட்டார்:
"அப்ப, காலமை முதல் திறந்ததுக்கு
என்னதான் வருத்தம்?"

"வருத்தமொண்டும் இல்லை அண்ணை.
அதுக்குக் கண் நல்லாத் தெரியும்.
அவ்வளவுதான்."